நரம்பின் வழி கண்ட பேரறிஞர் கஹால்

தங்கச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களில் பிறந்து வளர்ந்த நாம் அனைவரும், சிறு வயதிலேயே இருவகைக் காயங்களைக் கண்டவர்கள். முன்கையில் நரம்பு அறுபட்ட தொழிலாளி ஒருவர் மருத்துவமனைக்குச் செல்வார். மருத்துவர் அறுந்த நரம்பைத் தைத்து அனுப்புவார். பல திங்கள் விரல்கள் மரத்தே கிடக்கும். பின்னர் மணிக்கட்டருகே சுள்ளென்று ஓர் உணர்ச்சி தோன்றும். அது மெல்ல உள்ளங்கைக்கு வரும். இறுதியில் விரலும் ஓரளவு மடங்கும். முதுகெலும்பு முறிந்த மற்றொருவரோ, எலும்பு கூடிய பின்னும் இடுப்புக்குக் கீழே உணர்வற்றவராய், லைன் வீட்டு வாயிலிலேயே எஞ்சிய காலத்தைக் கழிப்பார். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் மூடப்பட்டன. எனினும் அவ்வாயில்களில் அமர்ந்திருந்தோரின் முகங்கள் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இரண்டும் நரம்புதானே? ஒன்று வளர்ந்து மீண்டது; மற்றொன்று ஏன் மீளவில்லை? இவ்வினா எம் உள்ளத்தில் நெடுநாளாக இருந்து வந்தது. விடை தேடிப் படிக்கப் புகுந்தபோது அதனினும் பெரிய வினா ஒன்று எதிர்ப்பட்டது. அறுந்த நரம்பு விரலைத் தேடி வளர்வது இருக்கட்டும். தாயின் வயிற்றில் நம் உடல் உருவானபோது, நரம்பு முதன்முதலில் விரலுக்கு எப்படி வழி கண்டுபிடித்தது? இவ்விரு வினாக்களுக்கும் ஒருங்கே அடிகோலியவர், ஸ்பெயின் நாட்டில் தோன்றிய சந்தியாகோ ரமோன் இ கஹால் என்னும் பேரறிஞர். அப்பெருமகனாரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் நம் காலனி மக்களுக்குக் கூற விழைகின்றோம்.

முதலில் வினாவின் அருமையை உணர வேண்டும். நம் கைகால் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் முதுகுத் தண்டினுள் இருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறியது. அதிலிருந்து ஒரே ஓர் இழை புறப்பட்டுத் தண்டை விட்டு வெளியேறித் தசையைச் சென்று சேர்கின்றது. பாதத்தை அசைக்கும் இழை, வளர்ந்த மனிதரில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் உடையது. கையிலும் காலிலும் பத்துப் பத்தாகத் தசைகள் உள்ளன. விரலை மடக்கும் தசைக்குச் செல்ல வேண்டிய இழை, விரலை நிமிர்த்தும் தசைக்குச் சென்றுவிட்டால் என்ன ஆகும்? பற்ற நினைத்த கை விரியும். ஆனால் பிறக்கும் குழந்தை நம் சுட்டுவிரலைப் பிழையின்றிப் பற்றிக்கொள்கின்றது.

1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்திலிருந்து நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்த வரலாற்றை இங்கு அறியாதார் இலர். 90 மைலுக்கு மேற்பட்ட தொலைவுக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தவர்கள் மனிதர்கள். அவர்கள் கையில் வரைபடம் இருந்தது, மேற்பார்வையாளர் இருந்தார். கருப்பையின் இருளில் கம்பி இழுப்பவர் யார்? வரைபடம் எங்கே? இதனைத்தான் 19ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் தம்முள் கேட்டுக்கொண்டனர்.

கஹால் 1852ஆம் ஆண்டு மே முதல் நாள், பெதில்யா என்னும் மலைச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஹுஸ்தோ ரமோன் வறுமையில் வளர்ந்து, கீழ்நிலை அறுவை வைத்தியராகத் தொழில் செய்து, பின்னர்க் கடும் உழைப்பால் முழு மருத்துவப் பட்டம் பெற்றவர். தம் மகனும் மருத்துவன் ஆக வேண்டும் என்பதே அவர் கனவு. மகனுக்கோ ஓவியத்தின்மேல் அடங்காத வேட்கை. சுவர் கண்டால் படம். தாள் கண்டால் படம். தந்தையார் அதனை வீண் வேலை என்று கடிந்தார். பள்ளியில் அடங்காப் பிள்ளை என்ற பெயரும் சேர்ந்தது. பதினொரு வயதில் தாமே ஒரு பீரங்கி செய்து அண்டை வீட்டு வாயிற்கதவைத் தகர்த்துச் சில நாள் சிறையிலும் இருந்தார். மகனை வழிக்குக் கொண்டுவர எண்ணிய தந்தையார், அவரைச் சில காலம் முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக விட்டார்.

தந்தையும் மகனும் ஒன்றுபட்ட இடம் மிக வியப்பானது. 1868ஆம் ஆண்டுக் கோடையில் தந்தையார் மகனை இடுகாட்டுக்கு அழைத்துச் சென்றார். மண்ணுக்கு மேலே கிடந்த மனித எலும்புகளைத் திரட்டி வந்து, உடற்கூற்றைக் கற்பித்தார். மகன் அவ்வெலும்புகளை வரைந்தார். ஓவியக் கையும் மருத்துவக் கல்வியும் அன்று ஒன்றோடொன்று கைகோத்தன. பிற்காலத்தில் உலகம் போற்றிய கஹால், அன்றுதான் பிறந்தார் எனலாம்.

சரகோசா நகரில் 1873ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். உடனே படையில் சேர்க்கப்பட்டு, அந்நாளில் ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த கியூபாத் தீவுக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். சதுப்பு நிலத்துப் பாசறையில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவரை வாட்டின. எலும்பும் தோலுமாக 1875ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். அங்கு ஈட்டிய ஊதியத்தில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு அவர் வாங்கியது ஒரு நுண்ணோக்கி. சில ஆண்டுகளில் மார்புச்சளி நோய் கண்டு இரத்தம் கக்கினார். மலைக்காற்றில் தங்கி அதனின்றும் மீண்டார். 1879ஆம் ஆண்டு சில்வேரியா என்னும் மங்கை நல்லாளை மணந்தார். குறைந்த வருவாயில் பெரிய குடும்பத்தைச் சீராக நடத்தி, கணவரின் ஆராய்ச்சிச் செலவுக்கும் வழிசெய்தவர் அவ்வம்மையார்.

வலென்சியா நகரில் உடற்கூற்றுப் பேராசிரியராக இருந்தபோது, 1885ஆம் ஆண்டு அந்நாட்டைக் காலரா தாக்கியது. கஹால் அந்நோயை ஆராய்ந்து அறிக்கை தந்தார். அதற்கு நன்றியாகச் சரகோசா மாகாணத்தார் அவருக்குச் சிறந்ததொரு சைஸ் நுண்ணோக்கியைப் பரிசளித்தனர். பொன்முடிப்பு அளித்திருந்தால் அது செலவாகி மறைந்திருக்கும். அளித்ததோ கருவி, அது ஓர் அறிஞரை உலகுக்கு ஆக்கித் தந்தது.

1887ஆம் ஆண்டு அவர் மாட்ரிட் நகருக்குச் சென்றிருந்தபோது, சிமார்ரோ என்னும் மருத்துவர் ஒரு கண்ணாடித் தகட்டைக் காட்டினார். இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்ஜி 1873ஆம் ஆண்டு வெளியிட்ட முறைப்படி, பொட்டாசியம் டைகுரோமேட்டிலும் பின்னர் வெள்ளி நைட்ரேட்டிலும் தோய்த்த மூளைத்துண்டு அது. மூளையில் நரம்பணுக்கள் காட்டு மரங்கள்போல் நெருங்கிப் பின்னிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் சாயம் தோய்த்தால் ஒன்றும் விளங்காது. கோல்ஜியின் முறையிலோ நூற்றில் ஒன்றிரண்டு அணுக்கள் மட்டுமே கறுக்கும். ஆனால் அவ்வாறு கறுத்த அணு, அடி முதல் நுனி வரை மஞ்சள் நிறப் பின்னணியில் மைக்கோடுபோல் துலங்கும். அம்முறை வெளிவந்து 14 ஆண்டுகள் ஆகியும் அதனைக் கையாண்டோர் சிலரே. கஹால் அதன் அருமையைக் கண்டவுடன் உணர்ந்தார்.

அவ்வாண்டே பார்சலோனா நகரில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அங்கே அவர் செய்த ஒரு சிறு மாற்றம் பெரும் பயன் விளைத்தது. வளர்ந்த காட்டில் மரங்களைப் பிரித்தறிவது கடினம்; நாற்றங்காலில் எளிது. எனவே அவர் வளர்ந்த மூளையை விடுத்து, கருவிலுள்ள கோழிக்குஞ்சையும் பிறந்த சிறு விலங்குகளையும் எடுத்து ஆராய்ந்தார். இழைகள் குறுகியவை, அவற்றின்மேல் கொழுப்புறை இன்னும் படியவில்லை, ஆதலால் சாயம் நன்கு பிடித்தது. கண்டதை எல்லாம் தம் கையாலேயே வரைந்தார். தந்தையார் வீண் என்று கடிந்த ஓவியக் கலை இப்போது அறிவியலின் கண்ணாயிற்று.

அக்காலத்தில் அறிஞர் பலர், நரம்பு மண்டலம் முழுவதும் இடையறாத ஒரே வலை என்று கருதினர். கோல்ஜியும் அக்கருத்தினரே. கஹால் 1888ஆம் ஆண்டு கண்டது வேறு. ஒவ்வொரு நரம்பணுவும் தனித்த உயிர். அதன் இழைகள் அடுத்த அணுவை நெருங்கிச் சென்று நிற்கின்றன. ஒன்றோடொன்று உருகிக் கலப்பதில்லை. இதனை வெளியிட அவருக்கு இதழ் இல்லை. தம் சொந்தச் செலவில் ஓர் ஆராய்ச்சி இதழைத் தொடங்கி, 60 படிகளே அச்சிட்டு, அவற்றுள் பெரும்பாலானவற்றை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். அவர்களுள் ஸ்பானிய மொழி அறிந்தவர் அரியர். மறுமொழி வரவில்லை.

வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பார். கஹால் 1889ஆம் ஆண்டு தம் நுண்ணோக்கியையும் கண்ணாடித் தகடுகளையும் பெட்டியில் வைத்துக்கொண்டு, பெர்லின் நகரில் கூடிய ஜெர்மன் உடற்கூற்றறிஞர் சங்கத்துக்குத் தாமே சென்றார். அரைகுறைப் பிரெஞ்சு மொழியில் விளக்கினார். மொழி தடுமாறினும் தகடுகள் பேசின. ஐரோப்பாவின் தலைசிறந்த நுண்ணுடற்கூற்றறிஞர் கொல்லிக்கர் என்னும் முதியவர் அவற்றைக் கண்டு வியந்தார். கஹாலின் கருத்துகளை அறிஞர் உலகில் பரப்பினார். அவருடைய கட்டுரைகளைப் படிப்பதற்காகவே ஸ்பானிய மொழியையும் கற்றார் என்பர்.

இனி நம் வினாவுக்கு வருவோம். நரம்பு இழை எவ்வாறு உண்டாகின்றது என்பது பற்றி அன்று மூன்று கொள்கைகள் இருந்தன. கரு தோன்றும்போதே அணுக்களுக்கிடையே நூற்பாலங்கள் உள்ளன. அவையே பின்னர் நரம்பு ஆகின்றன என்றார் ஹென்சன். வழியெங்கும் உள்ள உறையணுக்கள் சங்கிலிபோல் ஒன்றுசேர்ந்து நரம்பைச் சமைக்கின்றன என்றனர் வேறு சிலர். ஒரே அணுவிலிருந்து இழை முளைத்து நீள்கின்றது என்றார் வில்ஹெல்ம் ஹிஸ். முதற்கொள்கை உண்மையாயின் வழி தேடுதல் என்னும் பேச்சுக்கே இடமில்லை. பாலம் முன்பே உண்டு. மூன்றாவது உண்மையாயின், முளைத்த இழை செல்லும் வழியைத் தேடியே ஆக வேண்டும்.

1890ஆம் ஆண்டு, அடைவைத்த மூன்று நான்கு நாளேயான கோழிக்கருவின் முதுகுத் தண்டைக் கஹால் ஆராய்ந்தார். அங்கே, நீண்டுகொண்டிருக்கும் இழையின் நுனியில் கூம்பு வடிவான ஒரு புடைப்பைக் கண்டார். அதன் ஓரங்களில் விரல்போன்ற நுண்ணிய நீட்சிகள் இருந்தன. இதனை அவர் வளர்ச்சிக் கூம்பு என்று பெயரிட்டார். அவர் கண்டது இறந்த கருவின் துண்டம், அசைவற்ற படம். எனினும் பல்வேறு வயதுடைய கருக்களின் துண்டங்களை வரிசையாக வைத்து நோக்கி, இக்கூம்பு துழாவித் துழாவி முன்னேறும் உயிருள்ள நுனியென்று துணிந்தார்.

எம் தொழில் இருப்புப்பாதை அலுவலகத்து எழுத்து வேலை. எம் மொழியில் சொல்வதாயின், நரம்பிழை போட்ட தண்டவாளத்தில் ஓடும் வண்டி அன்று. முன்னால் தடம் பார்த்துக்கொண்டே பின்னால் தண்டவாளம் போட்டுச் செல்லும் வண்டி. கூம்பு தடம் பார்க்கின்றது. பின்னால் நீளும் இழையே தண்டவாளம்.

கூம்பு எதைப் பார்த்துத் திரும்புகின்றது? 1892ஆம் ஆண்டு கஹால் இதற்கும் ஒரு கருத்தினை முன்வைத்தார். காயம்பட்ட இடத்திலிருந்து கசியும் பொருள்களை நாடி இரத்தத்தின் வெள்ளணுக்கள் ஊர்ந்து செல்வதை அக்கால அறிஞர் அறிந்திருந்தனர். அதுபோலவே, நரம்பு சென்று சேர வேண்டிய இடமும் வழியிலுள்ள அணுக்களும் ஏதோ பொருள்களைச் சுரக்கின்றன. அவை கூம்பினை ஈர்க்கின்றன என்றார். மல்லிகைப் பந்தலைக் கண்ணால் காணாதவரும் மணத்தைப் பற்றிக்கொண்டே அங்குச் செல்வது போன்றது இது. அப்பொருள் இன்னதென்று காட்ட அவரிடம் வழி இல்லை. நூறாண்டு காத்திருக்க வேண்டிய கருத்து அது.

அவ்வாண்டே மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1894ஆம் ஆண்டு லண்டன் அரச கழகம் அவரை அழைத்துச் சிறப்புச் சொற்பொழிவு ஆற்றச் செய்தது. 1906ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு, கோல்ஜிக்கும் கஹாலுக்கும் ஒருசேர வழங்கப்பட்டது. சாயம் கண்டவர் ஒருவர். அச்சாயத்தால் உண்மை கண்டவர் மற்றொருவர். டிசம்பர் 11ஆம் நாள் பேசிய கோல்ஜி, கஹாலின் கொள்கையை அம்மேடையிலேயே மறுத்தார். மறுநாள் பேசிய கஹால் தாம் கண்டவற்றை அடுக்கிக் கூறினார். வலையா, தனியணுவா என்னும் வழக்கு அப்போதும் முடியவில்லை.

வளர்ச்சிக் கூம்பைப் பற்றிய ஐயம் மறு ஆண்டே தீர்ந்தது. அமெரிக்க அறிஞர் ராஸ் ஹாரிசன் 1907ஆம் ஆண்டு, தவளைக் கருவின் நரம்புக் குழாயிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, தவளையின் நிணநீர்த் துளி ஒன்றில் இட்டு, மெல்லிய கண்ணாடிக்கு அடியில் தொங்கவிட்டு நோக்கினார். சுற்றிலும் பாலம் ஏதும் இல்லை. உறையணுச் சங்கிலியும் இல்லை. ஆயினும் அணுவிலிருந்து இழை முளைத்தது. அதன் நுனி அமீபாபோல் விரல் நீட்டி ஊர்ந்தது. 17 ஆண்டுகளுக்கு முன் இறந்த துண்டத்தில் கஹால் கண்ட கூம்பு, உயிரோடு நடந்து காட்டியது.

இதற்கிடையே கஹால் அறுந்த நரம்புகளின்பால் கருத்தைச் செலுத்தினார். அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள இழைகள் சிதைந்து போகின்றன. ஆனால் தண்டோடு தொடர்புடைய அடிப்பகுதியிலிருந்து புதிய முளைகள் கிளம்புகின்றன. ஒவ்வொரு முளையின் நுனியிலும் கருவில் கண்ட அதே கூம்பு! அப்பால் எஞ்சியுள்ள வெற்று உறைகளினுள் நுழைந்து அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்னும் கணக்கில் தசையை நோக்கிச் செல்கின்றன. நம் தொழிலாளியின் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு உணர்ச்சி வந்துசேரத் திங்கள் பல ஆனதன் காரணம் இதுவே. கருவில் ஒருமுறை நடந்த பயணம் காயத்துக்குப் பின் மறுமுறையும் நடக்கின்றது.

மூளையிலும் முதுகுத் தண்டினுள்ளும் கஹால் கண்டது துயரமானது. அங்கும் அறுந்த இழைகள் முளைக்கத் தொடங்குகின்றன. சில நாள் முயன்று, பின்னர் வளர்ச்சி நின்று வாடிவிடுகின்றன. குறை இழையிலா, இடத்திலா? அவருடைய மாணவர் தெல்லோ 1911ஆம் ஆண்டு ஓர் ஆய்வு செய்தார். காலிலுள்ள நரம்பின் ஒரு துண்டை விலங்கின் மூளையில் பதித்தார். மூளையின் இழைகள் அத்துண்டினுள் புகுந்து வளர்ந்தன. ஆகவே மைய நரம்பிழைக்கும் வளரும் ஆற்றல் உண்டு. அதற்கு உகந்த சூழல்தான் அங்கு இல்லை என்பது புலனாயிற்று.

இவ்வாராய்ச்சிகளை எல்லாம் தொகுத்துக் கஹால் எழுதிய பெருநூல் 1913, 1914ஆம் ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. அதனை அச்சிடப் பொருள் உதவியவர் யாவர் என்று அறிந்தபோது எம் கண்கள் பனித்தன. அரசன் அல்லன், செல்வச் சீமான் அல்லன். ஸ்பெயினை விட்டுக் கடல் கடந்து அர்ஜென்டினா நாட்டில் குடியேறி வாழ்ந்த ஸ்பானிய மருத்துவர்கள் தம்முள் பணம் திரட்டி அனுப்பினர். பிறந்த மண்ணைப் பிரிந்து, வேற்று நாட்டில் பிழைப்புத் தேடியவர்கள், தம் மொழியில் ஓர் அறிவு நூல் வெளிவர வேண்டும் என்று விழைந்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, கன்னட நாட்டில் சுரங்கம் தோண்டி வாழ்ந்து, அவ்வுழைப்பினிடையே தமிழ்ச் சங்கம் கண்டு மலர் வெளியிடும் மரபில் வந்த நமக்கு, அவர்தம் உள்ளம் நன்கு விளங்கும் அன்றோ?

கஹாலின் துணைவியார் 1930ஆம் ஆண்டு மறைந்தார். கஹால் இறுதிவரை எழுதிக்கொண்டே இருந்து, 1934ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 17ஆம் நாள், தம் 82ஆம் அகவையில் மாட்ரிட் நகரில் இயற்கை எய்தினார். அவர் வரைந்த நரம்பணுப் படங்களை மருத்துவ நூல்கள் இன்றும் எடுத்து அச்சிடுகின்றன.

அவர் விதைத்தவை பின்னரே விளைந்தன. 1950களில் மின்னணு நுண்ணோக்கி, நரம்பணுக்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியைக் காட்டியது, வலைக்கொள்கை வீழ்ந்தது. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் லான்ஸ்ஜோன்ஸ், லாண்ட்மெசர் என்னும் இரு பெண் அறிஞர்கள், கோழிக்கருவில் நரம்புகள் புறப்படும் முன்பே, காலுக்குரிய தண்டுப்பகுதியின் சில கணுக்களை வெட்டித் தலைகீழாகத் திருப்பி வைத்தனர். முன்னிருந்தவை பின்னும், பின்னிருந்தவை முன்னும் ஆயின. பின்னர் புறப்பட்ட இயக்க நரம்பிழைகள், மாறிய இடத்திலிருந்து வளைந்து திரும்பித் தத்தமக்குரிய தசையையே சென்று சேர்ந்தன! வழி வெறும் பள்ளமாயின் இழைகள் நீர்போல் அண்மையிலுள்ள தசைக்கு ஓடியிருக்கும். அவ்வாறு ஓடவில்லை. ஒவ்வொரு நரம்பணுவும் தான் சேர வேண்டிய இடத்தைப் பற்றிய முத்திரையோடு புறப்படுகின்றது என்பது தெளிவாயிற்று. எனினும் இவ்வாற்றலுக்கும் எல்லை உண்டு. உரிய இடத்திலிருந்து மிகத் தொலைவில் வைத்துவிட்டால் இழைகள் வழி தவறின.

எம் அலுவலக வழக்கில் இதனையும் கூறலாம். சரக்குப் பெட்டியில் சேரிடம் குறித்த சீட்டு ஒட்டி அனுப்புவர். ஆயினும் ஒவ்வொரு சந்திப்பிலும் அச்சீட்டைப் படித்துப் பாதையைத் திருப்பிவிட ஆள் வேண்டும். மாரிக்குப்பத்தில் ஏற்றிய சரக்கு, பங்காரப்பேட்டையில் கிழக்கா மேற்கா என்று திரும்ப வேண்டும் அல்லவா? கருவின் கால் அடியிலும் அத்தகைய சந்திப்பு உண்டு. தண்டிலிருந்து வந்த இழைகள் அங்குக் கூடி, கூட்டம் கலைந்து, காலின் மேற்புறத் தசைக்குச் செல்வன ஒரு கிளையாகவும், அடிப்புறத் தசைக்குச் செல்வன மற்றொரு கிளையாகவும் பிரிகின்றன. அங்குள்ள அணுக்களின் மேற்பரப்பில் சில புரதங்கள் உள்ளன. மேற்புறம் செல்ல வேண்டிய இழையின் நுனிக்கு அடிப்புறத்துப் புரதம் ஒவ்வாது. தொட்டவுடன் பின்வாங்கி மேலே திரும்புகின்றது. ஈர்க்கும் பொருளும் உண்டு. விலக்கும் பொருளும் உண்டு. தசையைச் சேர்ந்த பின்னும் சோதனை தீரவில்லை. புறப்பட்ட இயக்க அணுக்களுள் ஏறத்தாழ பாதி, தசையிடமிருந்து போதிய ஊட்டம் பெறாமல் கருவிலேயே மடிகின்றன. எஞ்சியவையே வாழ்நாள் முழுவதும் நமக்கு உழைக்கின்றன.

கஹால் கருதிய ஈர்ப்புப் பொருள் ஒன்று 1994ஆம் ஆண்டு கைக்கு அகப்பட்டது. அமெரிக்காவில் மார்க் டெசியே லவின் குழுவினர் கோழிக்கருவின் மூளையிலிருந்து அப்புரதத்தைப் பிரித்தெடுத்தனர். கஹால் 1890ஆம் ஆண்டு எந்த இழையின் நுனியில் கூம்பைக் கண்டாரோ, தண்டைக் குறுக்கே கடக்கும் அவ்விழைகளையே அது ஈர்த்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் நெட்ரின். வழிநடத்துபவர் என்னும் பொருளுடைய நேத்ரு என்ற வடசொல்லிலிருந்து அப்பெயர் அமைந்தது. நேதாஜி என்று நாம் போற்றும் பெயரின் மூலமும் அதுவே. ஸ்பானிய அறிஞரின் கனவு நனவாகியபோது அதற்குப் பெயர் நம் நாட்டிலிருந்து சென்றது எண்ணி மகிழத் தக்கது.

முறிந்த முதுகுத் தண்டின் நிலை என்ன? 1981ஆம் ஆண்டு கனடாவில் அகுவாயோ என்பார் தெல்லோவின் வழியைப் புதிய முறையில் மெய்ப்பித்தார். எலியின் தண்டினுள்ளிருந்த இழைகள், பதித்த கால்நரம்புத் துண்டின் வழியே சில சென்டிமீட்டர் வளர்ந்தன. தண்டினுள் உள்ள உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் உண்டு என்பதைச் சுவிட்சர்லாந்து அறிஞர் ஷ்வாப் 1980களின் இறுதியில் காட்டினார். எனினும் முறிந்த தண்டை முழுதும் இணைக்கும் மருத்துவம் இன்னும் மனிதருக்குக் கைவரவில்லை. இதனை மறைத்துப் பொய்ந்நம்பிக்கை ஊட்டுவது அறம் ஆகாது.

நரம்பு வழி காணாவிடத்து மனிதர் வேறு வழி காண்பர் என்பதற்கு அருகிலுள்ள வேலூரே சான்று. அங்குக் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் நரம்பு கெட்டு மடங்கிய கைகளுக்கு, 1940களின் பிற்பகுதியிலிருந்து புது வாழ்வு தந்தார். நரம்பு நன்றாயுள்ள தசையின் நாணை எடுத்து, நரம்பு கெட்ட விரலில் பொருத்தினார். அங்கேயே பணியாற்றிய மேரி வர்கீஸ் அம்மையார், 1954ஆம் ஆண்டு மோட்டார் விபத்தில் தண்டு முறிந்து கால்கள் செயலிழந்த பின்னரும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்து பலரின் கைகளைத் திருத்தினார். பின்னர் அவர் முயற்சியால் 1966ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது.

ஆதலின், தண்டு முறிந்து வீட்டில் அமர்ந்திருப்பவர் நம் காலனியில் எவரேனும் இருப்பின், அவரை ஊழ்வினைப் பயன் என்று கூறி ஒதுக்குதல் தகாது. அவர் உடலில் நரம்பிழைகள் முளைக்க முயன்றன; வழி கிடைக்காமல் நின்றன. அவ்வளவே நிகழ்ந்தது. வழி செய்து தருதல் மருத்துவர் கடன். அதுவரை துணை நிற்றல் நம் கடன்.

நாள்தோறும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டி ஏறிப் பெங்களூர் சென்று, இரவில் வீடு திரும்பும் நம் இளைஞர்களுக்கும் கஹாலின் வாழ்வில் ஒரு செய்தி உண்டு. செல்வ வளமில்லா நாடு, பிறர் அறியாத மொழி, 60 படி இதழ், கடன் வாங்காமல் நடத்திய இல்லம்: இவற்றோடுதான் அவர் உலகின் முன் நின்றார். அவருக்கு எவரும் தண்டவாளம் போட்டுத் தரவில்லை. நரம்பின் நுனிபோல் அவரும் துழாவித் துழாவியே சென்றார்; சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்தார்.

கஹாலின் புகழ் வாழ்க! நம் சங்கம் வளர்க!